மழை நாள் மஸ்டர்

ஒரு தோட்டத்தில் இருப்பவர்களுக்கு வேலை பிடித்திருக்கிறதா என்று தெரிந்துகொள்ள நான் மழை நாள் மஸ்டரை, அதாவது காலை வருகைப் பதிவைத்தான் எடுத்துப் பார்ப்பேன். வெயில் நாள் மஸ்டர் எனக்கு அவ்வளவாக உதவாது. கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் பல வருடமாக வெல்ஃபேர் ஆபீசராக இருக்கிறேன். மாதக் கடைசியில் வருகைக் கணக்கு தலைமை ஆபீசுக்குப் போகும். அங்கிருந்து வருகிற கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: ஆள் வராத சதவீதம் ஏன் ஏறியிருக்கிறது, தொழிலாளர்களுக்கு வேலையில் திருப்தி இல்லையா, பற்று குறைந்துவிட்டதா? மனசில்லாதவர் வரமாட்டார், மனசுள்ளவர் வந்துவிடுவார் என்கிற முடிவு அந்தக் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. அது பாதிதான் உண்மை. மீதிப் பாதியைப் பார்க்காமல் எடுக்கிற நடவடிக்கைகள் நல்ல தொழிலாளர்களைத்தான் முதலில் அடிக்கின்றன. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கேள்வி கேட்பதில் தவறே இல்லை. கொழுந்து யாருக்கும் காத்திருக்காது. நல்ல விளைச்சல் மாதத்தில் ஒரு ஃபீல்டுக்குப் பத்துப் பன்னிரண்டு நாளில் மறுபடி கை போக வேண்டும். ஆள் குறைந்தால் அந்தச் சுற்று பதினைந்து, பதினெட்டு நாளாக நீளும். இரண்டு இலையும் மொட்டுமாகக் கிள்ள வேண்டியது நாலு இலை, ஐந்து இலையாக முற்றும், காம்பு தடித்துவிடும். அதை வாட்டி, இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டுகிற சி.டி.சி. ரோலரில் விட்டால் நார் மிகுந்த தூள்தான் வரும். 1963 முதல் நடக்கிற குன்னூர் ஏலத்தில் ருசி பார்ப்பவர்கள் ஒரு மடக்கிலேயே முற்றல் இலையைக் கண்டுபிடித்துவிடுவார்கள். விலை இறங்கினால் முதலில் நிற்பது தொழிலாளர்கள் குடியிருக்கிற லயன் வீட்டுக் கூரையைப் பழுது பார்க்கிற வேலை. ஆகவே ஆள் வராதது மேனேஜரின் கவலை மட்டும் இல்லை, லயனில் இருக்கிற எல்லாருடைய கவலையும்தான்.

சரி, திருப்தி இல்லாததால்தான் வராமல் போகிறார்களா? இதைப் பற்றி உலகம் முழுக்க நிறைய ஆராய்ந்திருக்கிறார்கள். கோயம்புத்தூரில் சமூகப்பணி படித்த காலத்தில், தொடர்பு பலமாக இருக்கும் என்றுதான் எல்லாரும் எதிர்பார்த்தோம். வாசிக்க வாசிக்க ஆச்சரியம்தான் மிஞ்சியது. 1976ல் நிக்கல்சன், பிரவுன், சாட்விக்-ஜோன்ஸ் என்ற மூவர் பல நிறுவனங்களில் பார்த்துவிட்டு, வேலைத் திருப்திக்கும் வராமல் இருப்பதற்கும் உள்ள தொடர்பு நாம் நினைப்பதைவிட மிக மெலிந்தது என்றார்கள். 1985ல் ஹாக்கெட், குயோன் இருவரும் அதுவரை வந்த ஆய்வுகளை ஒன்றுசேர்த்துக் கணக்குப் போட்டார்கள். ஆளுக்கு ஆள் வருகையில் தெரிகிற வித்தியாசத்தில் நூற்றுக்கு நாலு பங்கைக்கூடத் திருப்தியால் விளக்க முடியவில்லை. அதே 1985ல் ஸ்காட், டெய்லர் செய்த இன்னொரு தொகுப்பும் தொடர்பு உண்டு, ஆனால் சிறியது என்றது. அவர்கள் கவனித்த இன்னொரு விஷயம் எனக்கு இன்றுவரை பயன்படுகிறது. மொத்தம் எத்தனை நாள் வரவில்லை என்பதைவிட, எத்தனை தடவை வராமல் போனார் என்பதோடுதான் திருப்திக்குக் கொஞ்சம் நெருக்கம் அதிகம். டைஃபாய்டு வந்து மூன்று வாரம் படுத்தவர் ஒரு தடவைதான் வராமல் போயிருக்கிறார். மாதத்தில் ஆறு முறை ஒவ்வொரு நாளாக விட்டவர் கதை வேறு. இரண்டையும் ஒரே சதவீதத்தில் போட்டுக் கலக்கிவிட்டு, அதில் மனசைத் தேடினால் எப்படிக் கிடைக்கும்?

இத்தனை ஆய்விலும் எனக்கு மிகப் பிடித்தது ஃபிராங்க் ஸ்மித் 1977ல் வெளியிட்டது. சியர்ஸ் என்ற பெரிய கடை நிறுவனத்தின் தலைமை அலுவலகம் சிகாகோவில் இருந்தது. அங்கே வேலை செய்தவர்களிடம் வேலையைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று ஏற்கெனவே கேட்டு வைத்திருந்தார்கள். 1975 ஏப்ரல் தொடக்கத்தில் சிகாகோவில் கடும் பனிப்புயல் அடித்தது. அந்த 3ஆம் தேதி அலுவலகத்துக்குப் போய்ச் சேர்வதே பெரிய பாடு. வராவிட்டாலும் யாரும் ஒன்றும் சொல்லப்போவதில்லை. அன்று யார் யார் வந்தார்கள் என்று பார்த்தால், வேலையைப் பற்றி நல்ல எண்ணம் வைத்திருந்த பிரிவுகளில் வருகை அதிகம், கசப்பு இருந்த பிரிவுகளில் குறைவு. தொடர்பு தெளிவாகத் தெரிந்தது. அதே நாளில், அதே நிறுவனத்தின் நியூயார்க் அலுவலகத்தில் புயலும் இல்லை, ஒன்றும் இல்லை. அங்கே அந்தத் தொடர்பும் இல்லை. பிடித்தவரும் வந்தார், பிடிக்காதவரும் வந்தார்.

இதை முதலில் வாசித்தபோது எனக்கு நம் மலைதான் கண்முன் வந்தது. சாதாரண நாளில் ஒருவர் வேலைக்கு வருவது கூலிக்காக, பழக்கத்துக்காக, அரிசி வாங்குவதற்காக. மனசு அங்கே பேச இடமே இல்லை. வரலாம், வராமலும் இருக்கலாம் என்று தீர்மானம் தன் கைக்கு வருகிற நாளில்தான் அது பேசும். சிகாகோவுக்கு அப்படி ஒரு நாள் எப்போதாவது வாய்க்கும். நமக்கோ வருடத்தில் மாதக்கணக்கில் வாய்க்கிறது. கூடலூர்ப் பக்கத்துக்கு ஆனி, ஆடியில். கோத்தகிரிச் சரிவுக்கு ஐப்பசி, கார்த்திகையில். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. 2009 நவம்பரில் நீலகிரி முழுக்க மண் சரிந்து 40 பேருக்கு மேல் செத்துப்போனார்கள். அந்த மாதிரி நாளில் யாரும் வேலைக்கு வரக்கூடாது; வரச் சொல்லவும் கூடாது. நான் சொல்வது அதற்குக் கீழே உள்ள மழை. தூறலும் மூட்டமுமாக நாள் முழுக்க நனைக்கிற மழை, பாதையில் சேறு, காலில் அட்டை. இடுப்பில் படங்கு, தலையில் பிளாஸ்டிக் சீட்டு, உள்ளே கம்பளிச் சட்டை, அதையும் மீறி முதுகில் இறங்குகிற குளிர். பத்து மணிக்கு மழை பலத்து வேலையை நிறுத்திவிட்டால் அரைப் பேர்தான், அதாவது அரை நாள் கூலிதான் விழும். அப்படிப்பட்ட காலையில் லயன் வீட்டில் அடுப்புப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட எல்லாக் காரணமும் உண்டு.

எங்கள் தோட்டத்தில் இரண்டு டிவிஷன். வெயில் நாளில் இரண்டிலும் வருகை ஏறக்குறைய ஒன்றாகத்தான் இருக்கும். மாதச் சதவீதத்தைப் பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது. மழை நாளை மட்டும் தனியாகப் பிரித்து எழுதினேன். மேல் டிவிஷனில் ஒரு மேஸ்திரியிடம் இருக்கிற செட்டு மழையிலும் கிட்டத்தட்ட முழுசாக வந்து நிற்கிறது. கீழ் டிவிஷனில் பாதி காலி. இரண்டு இடத்திலும் கூலி ஒன்று, ஃபீல்டின் சரிவு ஒன்று, லயனிலிருந்து நடக்கிற தூரமும் ஒன்றுதான். வித்தியாசம் எங்கே என்று தேடிக்கொண்டு போனதில் கொழுந்து எடை போடுகிற இடத்துக்கு வந்து நின்றேன்.

மழையில் கிள்ளிய இலையில் தண்ணீர் நிற்கும். எடை போடும்போது அந்தத் தண்ணீருக்கு என்று சில கிலோ கழிப்பார்கள். இது நியாயமான கழிவுதான். தண்ணீரை ஃபேக்டரி விலை கொடுத்து வாங்க முடியாது. ஆனால் எவ்வளவு கழிப்பது என்பது அன்றைக்குத் தராசுக்குப் பக்கத்தில் நிற்பவரின் கையில் இருக்கிறது. அளவுக்கு மேல் எடுத்த கிலோவுக்குத் தனிக் காசு உண்டு என்பதால், இரண்டு கிலோ கூடக் கழித்தால் அன்றைய கூடுதல் காசு அப்படியே போய்விடும். கீழ் டிவிஷனில் சாக்கைத் தராசில் மாட்டிய கையோடு ஒரு எண்ணைச் சொல்லி எழுதிவிடுவார்கள். ஒருத்திக்கு மூன்று கிலோ கழியும், பக்கத்தில் நிற்கிற இன்னொருத்திக்கு இரண்டு. ஏன் என்று கேட்டால், "உன் இலையில ஈரம் ஜாஸ்தி" என்று பதில் வரும். மேல் டிவிஷன் மேஸ்திரி சாக்கைத் தரையில் சாய்த்து வைத்து, தண்ணீர் கொஞ்சம் வடியவிட்டு, பிறகு தூக்கி மாட்டுவார். முள் நிற்கிற வரைக்கும் காத்திருந்து, எடையைச் சத்தமாகச் சொல்லி, கழிவையும் சத்தமாகச் சொல்வார். அன்று எல்லாருக்கும் ஒரே கழிவு. யாராவது சந்தேகப்பட்டால் மறுபடி மாட்டுவார். அவ்வளவுதான் அவர் செய்வது. தனியாகச் சலுகை எதுவும் கொடுப்பதில்லை. வேலையில் கண்டிப்பும் உண்டு.

அந்தச் செட்டில் இருக்கிற ஒரு அக்காவிடம், இந்த மழையிலும் எப்படி வருகிறீர்கள் என்று கேட்டேன். "நனைஞ்சு எடுத்தது நனைஞ்ச கணக்குல வந்துரும் மேடம். ஏமாந்தோம்ங்கிற நெனப்பு இருக்காது" என்றார். வேலைத் திருப்தி என்று புத்தகத்தில் பத்துப் பக்கம் எழுதியிருப்பதில் பெரிய பங்கு இந்த ஒரு பேச்சில் இருக்கிறது. திருப்தியைக் கூலி, சூழல், உடன் வேலை செய்பவர், மேற்பார்வை என்று பிரித்துப் பிரித்து அளப்பார்கள். மழை நாளில் இந்த எல்லாமே தராசு முள்ளில் வந்து நிற்கின்றன. நனைந்து வந்த நாளில் கணக்கில் அடி விழுந்தால் மறுநாள் மழையில் கால் எழும்பாது. வெயில் நாளில் கழிவே கிடையாது என்பதால் அந்த வித்தியாசம் தெரியவே தெரியாது.

இதுவரை சொன்னது மனசுக்கு இடம் இருக்கிற நாட்களைப் பற்றி. வராமல் போகிற நாட்களில் பெரும்பகுதி அப்படிப்பட்டது இல்லை என்பதையும் அழுத்திச் சொல்ல வேண்டும். 1978ல் ஸ்டியர்ஸ், ரோட்ஸ் என்ற இருவர் வருகையை இரண்டாகப் பிரித்துப் பார்த்தார்கள்: வர வேண்டும் என்கிற விருப்பம் ஒன்று, வர முடிகிற நிலை இன்னொன்று. இரண்டும் சேர்ந்தால்தான் ஆள் வந்து நிற்பார். விருப்பம் முழுசாக இருந்தும் முடியாமல் போகிறவரைப் பிடித்து விருப்பத்தைப் பற்றிப் பாடம் நடத்தினால் அவருக்கு எவ்வளவு வலிக்கும் என்று நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

நான் முன்பு வேலை பார்த்த ஒரு எஸ்டேட்டில் மஸ்டர் ஏழரைக்கு. பிள்ளைகளை விடுகிற மடுவம் எட்டு மணிக்குத்தான் திறக்கும். ஐம்பது பெண்களுக்கு மேல் வேலை செய்கிற தோட்டத்தில் பிள்ளை மடுவம் இருக்க வேண்டும் என்று 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டத்திலேயே எழுதியிருந்தார்கள். கட்டடம் இருந்தது, ஆயா இருந்தார், பால் வந்தது. இன்ஸ்பெக்டர் வந்தால் காட்ட எல்லாம் இருந்தன. அந்த அரை மணி நேரத்தை யாரும் யோசித்துப் பார்க்கவில்லை. கைப்பிள்ளை வைத்திருந்த ஒரு பெண் தினமும் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு மடுவத்து வாசலில் நிற்பாள். ஆயா சீக்கிரம் வந்த நாளில் விட்டுவிட்டு ஓடுவாள். வராத நாளில் மஸ்டர் முடிந்திருக்கும், "நாளைக்கு வா" என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். பதிவேட்டில் அது ஆப்சென்ட். வேலைக்கு வந்து, வாசலில் நின்று, திரும்பிப் போனவளுக்கு ஆப்சென்ட். இரண்டு மாதம் அப்படிச் சேர்ந்ததும் 'பணியில் அக்கறையின்மை' என்று மெமோ கொடுத்தார்கள். அந்தத் தாளை அவள் என்னிடம் கொண்டுவந்து வாசிக்கச் சொன்னாள். வாசித்துக் காட்டினேன். "அக்கறை இல்லாமலா புள்ளைய தூக்கிக்கிட்டு ஓடி வர்றேன்?" என்று கேட்டாள். மடுவத்தை ஏழு மணிக்குத் திறக்க வைத்தோம். அந்த மாதத்தோடு அவள் பேருக்கு நேரே ஆப்சென்ட் நின்றுவிட்டது. அவளைப் போல இன்னும் சில தாய்மார்களுக்கும்தான்.

இந்த மாதிரிக் காரணங்கள் மலையில் ஏராளம். கோத்தகிரி, குன்னூர் பக்கம் காலையில் பாதையில் கரடி நின்றால் அது போகிற வரை யாரும் நகர முடியாது. காட்டெருமை நின்றாலும் அப்படியே. கூடலூர், பந்தலூரில் யானை. பத்து நிமிஷம் தாமதமானால் பேர் விழாது என்கிற தோட்டத்தில், கரடியால் ஒரு நாள் கூலி போகும். சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை வாங்க மாதம் ஒரு நாள் ஆஸ்பத்திரிக்குப் போயே ஆக வேண்டும் என்றிருந்தது. 2021ல் மக்களைத் தேடி மருத்துவம் வந்த பிறகு லயனுக்கே மாத்திரை வருகிறது. என் கணக்கில் அந்த மாதாந்திர ஒரு நாள் லீவு பலருக்குக் காணாமலே போனது. தொழிலாளிக்கு வேலையின் மேல் ஆசை கூடியதாலா அது நடந்தது? இல்லை. மாத்திரை வீட்டுக்கு வந்தது, அவ்வளவுதான்.

அப்புறம் பற்று. திருப்தியைவிட இதைப் பற்றிப் பேசுவது கடினம், ஏனென்றால் பற்று ஒரே மாதிரி இருப்பதில்லை. ஆலன், மேயர் இருவரும் 1990ல் இதை மூன்றாகப் பிரித்தார்கள். இந்த இடம் எனக்குப் பிடிக்கும், அதனால் இருக்கிறேன் என்பது ஒன்று. விட்டுப் போனால் நஷ்டம், அதனால் இருக்கிறேன் என்பது இரண்டாவது. இருப்பதுதான் முறை, நன்றிக்கடன் என்பது மூன்றாவது. 2002ல் மேயரும் உடன் சிலரும் நிறைய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், வராமல் போவதைக் கொஞ்சமாவது குறைப்பது முதல் வகைதான். மற்ற இரண்டுக்கும் வருகையோடு சொல்லும்படியான தொடர்பே இல்லை.

தோட்டத்தில் இருப்பவர்களுக்கு இரண்டாம் வகையை விளக்க வேண்டியதே இல்லை. லயன் வீடு வேலையோடு வருகிறது. குடும்பத்தில் ஒருவர் பேராவது செக்ரோலில், அதாவது தோட்டத்துச் சம்பளப் பதிவேட்டில் இருந்தால்தான் வீடு. எங்கள் தோட்டத்தில் பாதிக் குடும்பங்கள் சிலோனிலிருந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகள். 1964ல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு வர வேண்டும் என்று எழுதப்பட்டது. அப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுக்க 1968ல் நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டம் தொடங்கினார்கள். 1976ல் அது டான்டீ என்கிற தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமானது. அங்கும் தனியார் தோட்டங்களிலும் குடியேறியவர்களுக்கு வீடு என்றால் என்ன பொருள் என்பது மற்றவர்களுக்குச் சட்டென்று புரியாது. ஒரு தடவை எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கப்பலேறியவர்களின் வீட்டில் அந்தப் பயம் இரண்டு தலைமுறைக்குப் போகாது. கணவர் குன்னூரில் ஆட்டோ ஓட்டுவார், மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருப்பான், மனைவி பேர் மட்டும் இங்கே செக்ரோலில். அவர் வேலையை விடமாட்டார். ஆனால் அந்தக் கட்டு அவரை வேலையில் வைத்திருக்குமே தவிர, காலையில் எழுப்பி அனுப்பாது. மகன் பணம் அனுப்பிய வாரத்தில் ஒரு நாள், முழங்கால் வலித்தால் ஒரு நாள், குழுக் கடன் கட்டுகிற நாளில் அரை நாள். கிராஜுவிட்டிக்கு வருடத்துக்கு 240 நாள் கணக்கு என்பது தெரிந்தவர்கள், நாள் நிரம்பிவிட்டதா என்று என்னிடம் வந்து கேட்பார்கள். கேட்பது அவர்கள் உரிமை. நிரம்பிய பிறகு கொஞ்சம் தளர்வதும் இயல்புதான். வீட்டைப் பறிப்போம் என்று மிரட்டி வருகையைக் கூட்டலாம் என்று நினைக்கிற மேனேஜர்கள் இந்த இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். பயம் ஆளைப் பிடித்து வைக்கும். கொழுந்து கிள்ள வைக்காது.

முதல் வகைப் பற்று எப்படி இருக்கும் என்று கேட்டால் மேல் டிவிஷனில் ஒரு பெரியம்மாவைத்தான் நினைப்பேன். ஓய்வுக்குச் சில வருடமே பாக்கி. எந்த ஃபீல்டை எந்த வருடம் கவாத்து செய்தார்கள், எந்த மூலையில் செடி விட்டுப்போய் மறுநடவு போட்டார்கள் என்பதெல்லாம் ஆபீஸ் ரெஜிஸ்டர் பார்க்காமல் சொல்வார். தன் நிரையில் ஒரு செடியைப் பாதி கிள்ளிவிட்டு நகரமாட்டார். புதிதாக வரும் பெண்களின் கையைப் பிடித்து, நகத்தால் வெட்டாமல் விரலால் ஒடிக்கக் கற்றுக்கொடுப்பார். அவருக்கு வருடம் முழுக்க ஆப்சென்ட் என்பது அபூர்வம்.

ஆனால் இதில் ஒரு கவலையும் எனக்கு உண்டு. போன கார்த்திகையில் காய்ச்சலோடு மூன்று நாள் மழையில் நின்றார். நான்காம் நாள் மூச்சு வாங்கியது, டிஸ்பென்சரியில் படுக்க வைக்க வேண்டியதாயிற்று. "நான் வரலேன்னா அந்த நெரைய யாரு எடுப்பா?" என்றார். அவரிடம் நான் கோபித்துக்கொண்டேன். வருகைப் பதிவேடு அந்த மூன்று நாளையும் நல்ல நாளாகத்தான் காட்டுகிறது. உடம்பு முடியாமல் வந்து நிற்பதற்குத் தோட்டங்களில் கணக்கே கிடையாது. வராதவரைப் பிடிக்க ஏற்பாடு இருக்கிறது, வரக்கூடாத நிலையில் வந்தவரை வீட்டுக்கு அனுப்ப ஒரு ஏற்பாடும் இல்லை. பற்றுள்ளவர்களைத்தான் இது முதலில் பழுதாக்குகிறது. அவர் ஓய்வு பெறுகிற வரை நல்ல உடம்போடு இருக்க வேண்டும் என்பதில் எனக்கு அத்தனை அக்கறை இருக்கிறது. அதனால் இந்த வருடத்திலிருந்து மழை மாதங்களில் காலை மஸ்டருக்கே நர்ஸ் வந்து நிற்க வேண்டும், காய்ச்சல் இருப்பவருக்குக் கூலியோடு லீவு போட வேண்டும் என்று கேட்டு வாங்கியிருக்கிறேன்.

வராமல் இருப்பது தனி ஆளின் விஷயம் என்றும் நினைத்துவிடக் கூடாது. எத்தனை நாள் விட்டால் சரி, எதற்காக விட்டால் சரி என்று ஒவ்வொரு செட்டுக்கும் சொல்லாமல் சொல்லி ஒரு வழக்கம் இருக்கும். நிக்கல்சனும் ஜான்சும் 1985ல் இதைப் பற்றி விரிவாக எழுதினார்கள். லயன் மாரியம்மன் திருவிழாவில் கரகம் எடுக்கிற அன்று யாரும் வரமாட்டார்கள். படுகர் ஊர்களிலிருந்து வந்து வேலை செய்பவர்கள் ஹெத்தை பண்டிகைக்கு வரமாட்டார்கள். அதைத் திருப்தியோடு முடிச்சுப்போட்டு எச்சரிக்கை நோட்டீஸ் ஒட்டுவது வீண் வேலை. திருவிழாத் தேதியை முன்கூட்டியே கேட்டு லீவு விட்டு, அதற்குப் பதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை வைத்தால் ஃபீல்டும் கெடாது, மனசும் கெடாது.

வடக்கிலிருந்து வந்தவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வந்து இப்போது நீலகிரித் தோட்டங்களில் கொழுந்து எடுக்கிறார்கள். அவர்கள் வருகைச் சதவீதத்தைக் காட்டி நம் ஆட்களைக் குறை சொல்வது பல ஆபீசுகளில் வழக்கமாகிவிட்டது. அவர்கள் மழையிலும் வருகிறார்கள், காய்ச்சலிலும் வருகிறார்கள். உள்ளூரில் சொந்தக்காரர் கல்யாணம் இல்லை, ரேஷன் கடை இல்லை, போக வேறு இடம் இல்லை. அனுப்ப வேண்டிய பணம் மட்டும் இருக்கிறது. ஊருக்குப் போனால் சிலர் திரும்பி வருவதே இல்லை. இருக்கிற வரை லீவு போடமாட்டார்கள்; ஒரு நாள் மொத்தமாகப் போய்விடுவார்கள். பிடிக்காத இடத்தில் உள்ளூர்க்காரர் காட்டுகிற எதிர்ப்பு ஒரு நாள் லீவாக வெளிவரும். இவர்களிடம் அது ரயில் டிக்கெட்டாக வெளிவரும். ஆகவே முழு வருகை என்பதையே திருப்தி என்று எடுத்துக்கொண்டால் இவர்களுக்கும் நாம் அநியாயம் செய்கிறோம். அவர்கள் பிள்ளைகளுக்கு மடுவத்தில் புரிகிற மொழியில் பேச ஒரு ஆள் வைத்தோமா என்றுகூட அப்புறம் யாரும் கேட்கமாட்டார்கள்.

சில தோட்டங்களில் மாதம் முழுக்க வந்தவருக்குத் தனிப் பணம் கொடுக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. மாதத்தின் மூன்றாம் தேதி பிள்ளைக்கு உடம்பு முடியாமல் ஒரு நாள் விட்டவளுக்கு, அந்த மாதத்தில் இனி அந்தப் பணம் கிடையாது என்பது அன்றைக்கே தெரிந்துவிடும். மிச்சம் இருபது நாளுக்கும் அந்தத் திட்டம் அவளிடம் எதுவும் சொல்வதில்லை. மறுபுறம், காய்ச்சலோடு மழையில் நிற்கிறவருக்கு அது இன்னும் ஒரு நாள் நிற்கச் சொல்கிறது.

தலைமை ஆபீசிலிருந்து வருடா வருடம் திருப்திப் படிவம் ஒன்றும் வரும். ஐந்து கட்டம், ஒன்றில் டிக் போட வேண்டும். நான் போய்க் கேட்டால் எல்லாருமே "நல்லா இருக்கு மேடம்" என்பார்கள். வெல்ஃபேர் ஆபீசரிடம் வேறு என்ன சொல்வார்கள்? அந்தப் படிவத்தை அனுப்பத்தான் செய்கிறேன். அதோடு கூட, வராமல் போய் மறுநாள் வந்தவர்களிடம் ஒரே ஒரு கேள்வியை நானே கேட்டு எழுதிக்கொள்கிறேன்: நேற்று வரணும் என்று நினைத்து முடியாமல் போனதா, வரவே தோன்றவில்லையா? தண்டனை கிடையாது என்று தெரிந்த பிறகு உண்மையைச் சொல்ல ஆரம்பித்தார்கள். வரத் தோன்றவில்லை என்றவர்களில் அதிகம் பேர் கீழ் டிவிஷன், மழை நாள். அந்தத் தராசுப் பிரச்சினைக்கு ஒரு வழி பிறந்திருக்கிறது: அன்றைய ஈரக் கழிவு எவ்வளவு என்று காலையிலேயே ஃபீல்டு ஆபீசர் முடிவு செய்து, எடை போடுகிற ஷெட்டில் சிலேட்டில் எழுதி வைக்க வேண்டும் என்று மேனேஜர் உத்தரவு போட்டுவிட்டார்.

முடியாமல் போனது என்றவர்களில் அதிகம் பேர் சொன்ன காரணம் தண்ணீர். நடு லயனுக்குக் காலை ஏழு மணிக்குத்தான் குழாயில் தண்ணீர் வருகிறது. அரை மணி நேரம் மட்டும். பிடித்து வைக்க வீட்டில் வேறு ஆள் இல்லாதவர்கள் அதற்காகவே நிற்க வேண்டியிருக்கிறது. மூன்று வீட்டுப் பெண்கள் முறை வைத்துக்கொண்டு ஆளுக்கு ஒரு நாள் வேலையை விட்டு மற்ற இரண்டு வீட்டுக்கும் சேர்த்துப் பிடிக்கிறார்கள் என்பதே இந்தக் கேள்வியைக் கேட்ட பிறகுதான் எனக்குத் தெரிந்தது. பதிவேட்டில் அந்த மூன்று பேருக்கும் ஒற்றை ஒற்றை நாளாக நிறைய ஆப்சென்ட். பார்க்கிறவர் அக்கறையில்லாதவர்கள் என்றுதான் எழுதுவார். மேல் தொட்டி வால்வை ஐந்தரைக்குத் திருப்பிவிட்டால் போதும். அதற்கு வாட்டர்மேனுக்குத் தினமும் ஒன்றரை மணி நேரம் ஓவர்டைம் கொடுக்க வேண்டும். ஆப்சென்ட்டால் நஷ்டமாகிற கொழுந்தையும் ஓவர்டைம் செலவையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, மூன்று வீட்டு விவரத்தோடு போன வாரம் மேனேஜரிடம் கொடுத்திருக்கிறேன். திங்கட்கிழமை வால்வைப் பார்க்க அவரே நடு லயனுக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.